மகளின் ஊருக்குப் புறப்பட்ட புதன்கிழமை

மகள் இருக்கிற ஊர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அது எனக்கும் தெரியும். பதில் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வருமே, அதைத்தான் தாங்க முடியாது. “யாத்தே, அவ்வளவு தூரத்துலயா குடுத்திருக்கிய?” என்பார் பூக்கார அம்மா. பெண்ணைக் கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளிவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

மகள் இருப்பது வான்கூவரில், கனடாவின் மேற்குக் கோடியில். என் கணவர் போனில் அளந்து வைத்திருக்கிறார்: திருநெல்வேலியிலிருந்து பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அவருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. சாயங்காலம் காபி குடித்ததும் போனை எடுத்து, இந்த விமானத்தில் போனால் எவ்வளவு நேரம், அந்த ஊரில் இறங்கி மாறினால் எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். “இதுல போனா முப்பது மணி நேரந்தான் ஆவுது,” என்று சந்தோஷமாகச் சொல்வார். முப்பது மணி நேரம் ‘தான்’! பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால் எழுந்து எட்டிப் பார்க்கிற மனுஷர் அவர்.

அந்தத் தூரம் எவ்வளவு என்பது எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. மகளுக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே உயிரில்லாமல் பிறந்தது. எனக்கு அப்போது விசா வரவில்லை. நான் மொட்டைமாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் “யம்மா” என்றாள். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கீழே தெருவில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

இந்த முறை உண்டானதும் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பிள்ளை பிறக்கும்போது நீ என் பக்கத்துல நிக்கணும். வந்துருவேல்லா?”

“வராம எங்க போவேன்? நான் நிப்பேன்,” என்றேன். சொன்ன அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. விசா வந்தது. டாக்டர் குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி டிக்கெட்டும் போட்டாயிற்று. அப்படியும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலில் எதற்கு வந்தோம் என்று நிற்பேன். பால் பொங்கும். என் கணவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போவார்.

டிக்கெட் புதன்கிழமைக்குப் போட்டது என் நாத்தனாரைக் கேட்டுத்தான். என் கணவரின் அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறார். பஞ்சாங்கம் பார்க்காமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்கமாட்டார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையில் சூலம் உண்டு, அந்தத் திசையில் அன்றைக்குப் பயணம் கூடாது. “மேக்கதானே போறா? வெள்ளியும் ஞாயிறும் மேக்க சூலம். புதன் ரொம்ப விசேஷம், அன்னிக்கே கெளம்பட்டும்,” என்று சொன்னவர் அவர்தான். அதோடு விட்டிருக்கலாம். புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சும்மா இருக்காமல் போனை எடுத்து அக்காவிடம் காட்டினார்.

“இங்க பாரு, நேர்கோடு எப்படிப் போவுதுன்னு. மேக்கயே போகல. நேரா வடக்க ஏறி, பனிக்கடலைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குது. பூமி உருண்டைல்லா, அதான் கிட்டத்து வழி.”

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மாறிப்போயிற்று. “வடக்கயா? ஏலே, புதன்கிழமை வடக்கல்லா சூலம்!”

“மைனி, விமானம் மேக்கதான் போகும். நடுவுல ரெண்டு ஊர்ல இறங்கி மாறணும்,” என்றேன்.

“ஊரு எந்தத் திசையில இருக்குன்னுதான் பாக்கணும். வண்டி எப்படிச் சுத்திட்டுப் போவுதுன்னா பாப்பாங்க?”

அந்நேரம் போனில் கூப்பிட்ட மகள் இதைக் கேட்டுச் சிரியோ சிரியென்று சிரித்தாள். “அத்தை, அம்மா அங்க புதன்கிழமை காலையில கெளம்பும்போது இங்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான். எந்த ஊர்க் கிழமைக்குச் சூலம் பாப்பிய?”

நாத்தனார் அசரவில்லை. “செவ்வாய்க்கும் வடக்கதான் சூலம் மக்ளே,” என்றார்.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் சூலத்தையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. மற்ற நாளாக இருந்தால் “போங்க மைனி” என்று எழுந்து போயிருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. முதல் பிள்ளைக்கு எதையோ செய்யாமல் விட்டுவிட்டோமோ என்கிற நினைப்பு உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. பரிகாரம் என்ன என்று நானே கேட்டேன். நாத்தனார் அதற்காகத்தான் காத்திருந்தார். “பரஸ்தானம் வச்சிருவோம்,” என்றார்.

புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், பயணத்துக்குக் கொண்டுபோகிற சாமானை, போகிற திசையில் இருக்கிற இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடலாம். ஆனால் நம் வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது. எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. நேர் எதிரே இருக்கிற வீட்டுப் பெண் எனக்குத் தங்கச்சி மாதிரி, கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். அங்கேயே வைப்பது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்துப் பையைத் தூக்கினேன். துணிப்பெட்டி இல்லை, விமானத்தில் என்னோடு கையில் வரப்போகிற பை. “அதுல பாஸ்போர்ட்டு இருக்கு மைனி. அதை மட்டும் எடுத்து வச்சிக்கிடட்டா?” என்று கேட்டேன்.

“உசுரை எடுத்து வச்சிக்கிட்டு உடம்பை மட்டும் அனுப்புவியா? அதுதானே பயணமே,” என்றார் நாத்தனார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட், டிக்கெட், எல்லாவற்றோடும் பை எதிர்வீட்டுச் சாமி அறைக்குப் போயிற்று. எதிர்வீட்டுப் பெண் பைக்கு ஒரு பொட்டுக்கூட வைத்தாள்.

புதன்கிழமை விடிந்ததும் வாடகைக் கார் வந்தது. திருவனந்தபுரத்தில் மத்தியானத்துக்கு மேல் விமானம், மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும். நான் குளித்து, திருநீறு பூசி, எதிர்வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம் இல்லை. கதவில் பெரிய பூட்டு.

பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். “முக்கூடல்ல அவங்க அப்பா தவறிட்டாராம். ராத்திரி தகவல் வந்த உடனே ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சிப் போயிட்டாங்களே,” என்றார்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவள் கணவருக்குப் போட்டேன், அதுவும் எடுக்கவில்லை. துட்டி வீட்டில் போனை யார் பார்ப்பார்கள்? என் கணவர் “வா, முக்கூடலுக்கே போயிட்டு வந்துருவோம். சாவிய வாங்கிட்டு…” என்று காரில் ஏறப்போனார்.

“போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அப்பாவைப் பறிகுடுத்துட்டு அழுதுட்டு இருக்கவகிட்ட நடுவீட்டுல நின்னு சாவி கேக்கணும். அதுக்குள்ள விமானம் பறந்து போயிரும்,” என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நேரே எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“ஏளா, என்ன காரியம் பண்ணுத? அடுத்த வீட்டுப் பூட்டை உடைச்சிட்டுப் பயணம் போனா வெளங்குமா?” என்று நாத்தனார் குறுக்கே வந்தார்.

“மைனி, ஒதுங்குங்க. காலு கையில விழுந்துறப் போவுது.”

முப்பது வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. ஒதுங்கிவிட்டார். நான் போட்ட போட்டில் பூட்டு அசையவே இல்லை. திண்டுக்கல் பூட்டு, அதுவும் அந்தக் காலத்துப் பூட்டு. நாலைந்து போட்டதும் கை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கார் ஓட்டுகிற தம்பி அதுவரை பார்த்துக்கொண்டிருந்தான். “யக்கா, மெதுவா. தள்ளுங்க,” என்று காரிலிருந்து இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து நாதாங்கிக்குள் கொடுத்து நெம்பினான். பூட்டு பூட்டினபடியே இருக்க, நாதாங்கி மரத்தோடு பெயர்ந்து வந்தது.

பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து காரில் ஏறினேன். நாத்தனார் உடைந்த கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “அவ வர்ற வரைக்கும் நான் இங்கன இருக்கேன். நீ போ,” என்றார். அன்றைக்கு முழுக்க அவர் அங்கேயே உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நாங்குநேரி தாண்டும்போது எதிர்வீட்டுப் பெண் கூப்பிட்டாள். குரலே இல்லை, அழுது அழுது கட்டிப்போயிருந்தது. “அக்கா, உங்க பை… நான் நெனைக்கவே இல்லக்கா… இப்பதான்…” என்று விம்மினாள். அவளைக் காலையிலிருந்து மனசுக்குள் எத்தனை திட்டியிருந்தேன்! “உன் வீட்டு நாதாங்கிய உடைச்சிட்டேன்ட்டி. பையை எடுத்துட்டேன். அப்பாவைப் பாரு,” என்றேன்.

“கதவு கெடக்கட்டும்க்கா. நீங்க போங்க. பிள்ளை காத்துட்டு இருக்கும்,” என்றாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. வள்ளியூரிலிருந்து என் கணவர் போனைப் பார்த்துப் பார்த்து இன்னும் இவ்வளவு தூரம், இன்னும் இவ்வளவு நேரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். “அந்தப் போனை உள்ள வையுங்க, இல்ல சன்னல் வழியா எறிஞ்சிருவேன்,” என்றதும் நிறுத்தினார். மார்த்தாண்டத்தில் வண்டி நின்றது. முன்னால் ஒரு மைல் நீளத்துக்கு லாரியும் பஸ்ஸும். அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் மருமகன் கூப்பிட்டார்.

“அத்தை, பயப்படாதீங்க. அவளுக்கு லேசா வலி எடுத்திருக்கு. பத்துப் பதினோரு நாள் முன்னாடியே வந்துட்டு. பொய் வலியாவும் இருக்கலாம்னு சொல்லுதாங்க.” அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். “நீங்க வந்து இறங்கும்போது நான் விமான நிலையத்துல நின்னா, எல்லாம் சாதாரணம்னு வச்சிக்கிடுங்க. என்கூட வேலை பாக்குத பஞ்சாபி நண்பர் ஒருத்தர் வந்து நின்னா, நாங்க ஆஸ்பத்திரில இருக்கோம்னு அர்த்தம்.”

மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். “எங்க இருக்க?” என்றாள். மார்த்தாண்டத்தில் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “வந்துட்டே இருக்கேன்மா,” என்றேன்.

கவுண்டரை மூடப்போகிற நேரத்தில் போய் நின்றேன். என் கணவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் கையை ஆட்டினார். திரும்பி ஆட்ட எனக்கு நேரமில்லை.

நான் விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. பயப்படக்கூட மறந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், விடுமுறை முடிந்து வளைகுடாவுக்கு வேலைக்குத் திரும்புகிறவர். எனக்கு பெல்ட் மாட்டிவிட்டார். என்ன அவசரம் என்று கேட்டார். சொன்னேன். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டும் பொறந்தப்போ நான் அங்கனதான் இருந்தேன்க்கா. நீங்க போய்ச் சேந்துருவிய, இன்ஷா அல்லாஹ்,” என்றார். இறங்கியதும் தன் அவசரத்தை விட்டுவிட்டு நின்று, என் போனில் இணையம் கிடைக்க ஏற்பாடு செய்துகொடுத்தார். மருமகனிடமிருந்து ஒரு வரி இருந்தது: ‘ஆஸ்பத்திரிக்குப் போறோம் அத்தை.’

நடுவில் மாறின அடுத்த ஊரில் போனில் இணையம் கிடைக்கவில்லை. அடுத்த விமானத்திலும் அதற்கடுத்த விமானத்திலும் எனக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் ஒரு பூமி, பூமியின் மேல் ஒரு குட்டி விமானம். போய்ச்சேர இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று எண் மாறிக்கொண்டே இருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் குறைந்தது, குட்டி விமானம் மட்டும் நகரவில்லை. ஒரு பஸ் என்றால் டிரைவரிடம் போய்க் கேட்கலாம், கத்தலாம், இறங்கி நடக்கக்கூடச் செய்யலாம். இங்கே ஒன்றும் செய்ய முடியாது. சாப்பாடு கொடுத்தார்கள், வாங்கி வைத்தேன். எல்லோரும் ஜன்னலை மூடித் தூங்கினார்கள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும், நடக்க வேண்டும், யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. கழிப்பறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். பணிப்பெண் வயிறு சரியில்லையோ என்று நினைத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். கீழே வெறும் பனி. இப்போது வலி எந்த அளவில் இருக்கும், இந்நேரம் பிறந்திருக்குமா, பிறந்தது உயிரோடு… அதற்கு மேல் நினைக்கப் பயந்து மறுபடியும் திரையைப் பார்ப்பேன்.

வான்கூவரில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மருமகன் இல்லை. தலைப்பாகை கட்டிய ஒருவர் என் பெயர் எழுதின அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. “பேபி?” என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். அவருக்கும் தெரியவில்லை. காரில் போகும்போது மருமகனுக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ ஆறுதலாகச் சொன்னார். ஆறுதல் சொல்கிறாரே, அப்படியென்றால் கெட்ட செய்தியா என்று நான் அவர் முகத்தையே துழாவிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் மருமகன் லிப்டுக்கு வெளியே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பொண்ணு, அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க,” என்றார். எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்டேன். நான் பனிக்கு மேலே உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அது.

அறைக்குள் போனேன். மகள் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது, முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் அங்கே போகத் தோன்றவில்லை. என் பிள்ளையிடம் போனேன். பூட்டு, முக்கூடல், மார்த்தாண்டம் எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “நிப்பேன்னு சொன்னேன்ட்டி. வர முடியலையே. நிக்க முடியலையே,” என்றுதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

“யம்மா, அழுதாம்மா,” என்றாள். “வெளிய வந்த உடனே அழுதா. நல்ல சத்தமா. நீ கேக்கலையே.”

அவள் கண் முழுக்கத் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. “இரு, நீ கேக்கணும்,” என்று மெல்ல ஒருக்களித்து, தொட்டிக்குள் கையை விட்டாள்.

“ஏட்டி, சும்மா இரு. தூங்குத பிள்ளையை எழுப்பாத,” என்று நான் பதறினேன்.

அவள் கேட்கவில்லை. துணியை விலக்கி, ஒரு விரலளவு இருந்த அந்தப் பாதத்தை எடுத்து, உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. காலை இழுத்துக்கொண்டது. பிறகு வாயை அகலத் திறந்து, முகமெல்லாம் சிவந்து, வீறிட்டு அழுதது.

இரண்டு பேரும் அதைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.